செல்லப்பிராணிகளுக்கான மாற்று மருத்துவ முறைகள்: எவை பலன் தரும், எவற்றில் கவனம் தேவை?

வீட்டில் வளரும் நாய்க்கோ பூனைக்கோ நாள்பட்ட நோய் ஏற்படும்போது, வளர்ப்பவர்களுக்குப் பல திசைகளிலிருந்தும் ஆலோசனைகள் வருகின்றன. மூலிகைச் சாறு, எண்ணெய்ப் பூச்சு, ஓமியோபதி உருண்டைகள், அக்குபங்சர், ஊட்டப் பொடிகள் எனப் பலவும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் சில பயன் தருகின்றன. பலவற்றின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை. சில நேரடியாகத் தீங்கு விளைவிக்கின்றன. இவற்றைப் பிரித்தறிய வளர்ப்பவர்களுக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முக்கியச் செய்திகள்

• "இயற்கையானது" என்பதனால் ஒரு பொருள் பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது. மனிதர்களுக்குத் தீங்கற்ற பல பொருள்கள் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகும்.
• விலங்கு நலமடைந்துள்ளது என்று நமக்குத் தோன்றுவது மட்டுமே ஒரு சிகிச்சையின் பலனுக்குச் சான்றாகாது.
• மூட்டுத் தேய்மானத்திற்கு எடைக் குறைப்பு, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. குளுக்கோசமைன், ஓமியோபதி ஆகியவற்றுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை.
• பார்வோ நோய், உண்ணிக் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, வெறிநாய்க்கடி ஆகியவற்றில் மாற்று முறைகளை முயன்று காலம் தாழ்த்துவது உயிரிழப்பில் முடியக்கூடும்.

மாற்று மருத்துவம், துணை மருத்துவம்: வேறுபாடு என்ன?

கால்நடை மருத்துவர் அளிக்கும் சிகிச்சைக்குப் பதிலாக வேறொரு முறையைக் கையாளுவது மாற்று மருத்துவம் எனப்படும். அச்சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே, அதனுடன் வேறொரு முறையைச் சேர்த்துக்கொள்வது துணை மருத்துவம் எனப்படும். ஒரே முறை இரண்டு வகையாகவும் பயன்படக்கூடும். மூட்டுவலியுள்ள நாய்க்கு வலிநிவாரணியுடன் அக்குபங்சரும் அளித்தால் அது துணை மருத்துவம். வலிநிவாரணியை நிறுத்திவிட்டு அக்குபங்சரை மட்டும் அளித்தால் அது மாற்று மருத்துவம். பயன்படும் ஊசி ஒன்றே. விலங்கு ஏற்கும் இடர் வேறு. ஆகவே ஒரு முறை எதற்குத் துணையாக அல்லது எதற்குப் பதிலாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

விலங்குகளில் சிகிச்சையின் பலனை அறிவது ஏன் கடினம்?

தனக்கு வலி குறைந்ததா என்பதை விலங்கு சொல்ல இயலாது. அதற்காக நாமே பார்த்துச் சொல்கிறோம். அப்போது மூன்று காரணங்களால் தவறு நேரக்கூடும்.

முதலாவது, பல நோய்கள் தாமாகவே ஏறி இறங்கும் இயல்புடையவை. மூட்டுவலி சில வாரங்கள் மிகும், சில வாரங்கள் தணியும். வலி மிக மோசமாக உள்ள நாள்களில்தான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அடுத்த வாரம் வலி இயல்பாகத் தணிந்தாலும், அதன் பெருமை புதிய மருந்துக்குச் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, புதிய சிகிச்சையுடன் வேறு பல மாற்றங்களும் சேர்ந்தே நிகழ்கின்றன. நாயை மெதுவாக நடத்துகிறோம், மெத்தை விரிக்கிறோம், தின்பண்டங்களைக் குறைக்கிறோம். முன்பு கொடுத்த வலிநிவாரணியும் தொடரலாம். பலன் எதனால் கிடைத்தது என்று பிரித்தறிவது கடினமாகிறது.

மூன்றாவது, நம்பிக்கை நம் கண்களை வழிநடத்துகிறது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு மருந்துச் சோதனையில் மருந்துப்போலியை, அதாவது மருந்தே இல்லாத மாத்திரையை, பெற்ற 58 நாய்கள் அதில் ஆராயப்பட்டன. அந்நாய்கள் ஒவ்வொரு காலிலும் ஊன்றும் விசை, தரையில் பதிக்கப்பட்ட விசைத்தட்டுக் கருவியால் அளக்கப்பட்டது. வளர்ப்பவர்களின் மதிப்பீடுகளைக் கருவியின் அளவுகளுடன் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 57 விழுக்காட்டு மதிப்பீடுகளில் இந்த நம்பிக்கையின் விளைவு காணப்பட்டது. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களின் மதிப்பீடுகளிலும் அது 40 முதல் 45 விழுக்காடு வரை காணப்பட்டது. இது "பராமரிப்பாளரின் மருந்துப்போலி விளைவு" எனப்படுகிறது.

இவ்விளைவை வளர்ப்பவரின் குறையாகக் கருத வேண்டியதில்லை. அன்புள்ள எவருக்கும் இது நேரும். எனினும் இதில் ஓர் இடர் உண்டு. நம் மனம் ஆறுதலடைந்தபின், விலங்கின் வலி தொடர்வது நம் பார்வைக்குத் தப்பிவிடும். வலியைத் தாங்கிக்கொண்டிருப்பது அவ்வுயிரே என்பதை மறத்தல் கூடாது.

மூட்டுத் தேய்மானம்: எந்த முறைக்கு எவ்வளவு ஆதாரம்?

மாற்று முறைகள் மிகுதியாக நாடப்படும் நோய்களுள் நாய்களின் மூட்டுத் தேய்மானமும் ஒன்று. ஆகவே இந்நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒவ்வொரு முறையையும் காண்போம்.

எடைக் குறைப்பு: மருந்துக் கடையில் கிடைக்காத, மிக வலுவான ஆதாரமுள்ள முறை இதுவே. உடல் பருத்த நாய்களில் எடை ஆறு விழுக்காடு அளவு குறைந்தபோதே நொண்டுதல் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியுள்ளது. 48 லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்து 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இணை நாய்களைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகளாக இருந்தது. மற்றவற்றுக்கு அது 11.2 ஆண்டுகள். குறைவாக உண்ட நாய்களில் மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே தோன்றியது. எடைக் குறைப்பு என்பது பட்டினி போடுதல் ஆகாது. உணவின் அளவை மருத்துவர் கணக்கிட்டுத் தருவார். பருத்த பூனையைப் பட்டினி போட்டால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்: நாய், பூனைகளின் மூட்டுத் தேய்மானத்திற்கான ஊட்டப்பொருள்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஒரு கட்டுரை 2022-இல் வெளியானது. ஒமேகா-3 மிகுந்த உணவும் மீன் எண்ணெயும் வலியைக் குறைப்பதை அது உறுதிசெய்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி ஆகியவை மிகுந்திருப்பதால், மிகையாகக் கொடுத்தால் அது நஞ்சாகும்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்: மூட்டுகளுக்கென மிகப் பரவலாக விற்கப்படும் ஊட்டப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் இவ்விரண்டும் உள்ளன. மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, இவற்றால் வலி குறைவதில்லை என்ற முடிவுக்கே வந்தது. பொதுவாக இவை பெருந்தீங்கு செய்வதில்லை. ஆயினும் இவற்றுக்குச் செலவாகும் தொகையை மீன் எண்ணெய்க்கோ மருத்துவர் அளிக்கும் வலிநிவாரணிக்கோ பயன்படுத்துவது விலங்குக்கு நன்மை தரும்.

மஞ்சள்: மஞ்சளிலுள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கும் தன்மையுடையது என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. ஆனால் அது குடலிலிருந்து மிகக் குறைவாகவே உடலில் சேர்கிறது. மஞ்சள் வகைச் சாற்றை மூட்டுத் தேய்மானமுள்ள நாய்களுக்குக் கொடுத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், விசைத்தட்டு அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. உணவில் சிறிதளவு மஞ்சள் சேர்வதால் கேடில்லை. அதனை வலிநிவாரணிக்கு மாற்றாகக் கொள்ளுதல் கூடாது.

இயன்முறை சிகிச்சை: கட்டுப்படுத்திய நடைப்பயிற்சி, நீருக்குள் நடத்தல், தசைப் பயிற்சி ஆகியவை மூட்டைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்துகின்றன. இவை இன்று கால்நடை மருத்துவத்தின் பகுதியாகவே கருதப்படுகின்றன. நோயின் காரணம் அறியப்பட்ட பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும். எலும்பு முறிவோ தண்டுவடப் பாதிப்போ உள்ள விலங்கை அழுத்திப் பிசைவதும் முறுக்குவதும் ஆபத்தாகும்.

அக்குபங்சர்: விலங்குகளுக்கான அக்குபங்சர் ஆய்வுகளை மதிப்பிட்டு 2006-இல் வெளியான தொகுப்பாய்வு, எந்த நோய்க்கும் அதனைப் பரிந்துரைக்கவோ விலக்கவோ போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்யும்போது தீங்கு அரிது. வலிநிவாரணியுடன் துணையாக முயன்று பார்க்கலாம். அதற்கு மாற்றாக வேண்டாம்.

ஓமியோபதி: 30சி என்று குறிக்கப்படும் மருந்து, நூறில் ஒரு பங்காக நீர்த்தலை முப்பது முறை திரும்பத் திரும்பச் செய்து பெறப்படுவது. அவ்வளவு நீர்த்தபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட அதில் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. இங்கிலாந்தின் ராயல் கால்நடை அறுவை மருத்துவர் கல்லூரி, ஓமியோபதி ஏற்கத்தக்க ஆதாரத் தொகுதி இல்லாத முறை என்றும், ஆதாரமுள்ள சிகிச்சையின் இடத்தில் அதனைப் பயன்படுத்தக் கூடாது என்றும் 2017-இல் அறிவித்தது. இந்தியாவில் மனிதர்களுக்கான ஓமியோபதி சட்டப்படி ஏற்கப்பட்ட முறையாகும். எனினும் சட்டத்தின் ஏற்பும், விலங்குகளில் பலன் நிறுவப்படுதலும் வெவ்வேறானவை. தடுப்பூசிக்குப் பதிலாக விற்கப்படும் ஓமியோபதித் தயாரிப்புகளை நம்பி வெறிநோய்த் தடுப்பூசியையோ பார்வோ தடுப்பூசியையோ ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

மாட்டுக்கு உதவும் மூலிகை நாய்க்கும் பூனைக்கும் உதவுமா?

தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான மரபுவழி மூலிகை மருத்துவம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதில் ஆய்வும் பயிற்சியும் மேற்கொண்டு வருகிறது. கறவை மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியின் மேல் பூசும் முறை பல உழவர்களும் அறிந்ததாகும்.

இம்முறைகளை அப்படியே நாய்க்கும் பூனைக்கும் பயன்படுத்துதல் கூடாது. மாடு நான்கு அறை கொண்ட இரைப்பையையுடைய அசைபோடும் விலங்கு. நாயின் செரிமானமும் பூனையின் கல்லீரலும் முற்றிலும் வேறானவை. மேலும் நாயும் பூனையும் தம் உடலில் பூசியதை நக்கி உண்டுவிடும். சோற்றுக்கற்றாழையின் தோலுக்கடியிலுள்ள மஞ்சள் நிறப் பால் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சுண்ணாம்பு வாயையும் நாக்கையும் புண்ணாக்கும்.

மனிதர்களுக்கான சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில பற்பங்களிலும் செந்தூரங்களிலும் பாதரசம் முதலான உலோகங்கள் சேர்கின்றன. அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்கான மருந்தை நான்கு கிலோ எடையுள்ள பூனைக்குப் பகுத்துக் கொடுப்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு எதுவும் இல்லை.

வீட்டிலுள்ள ஆபத்தான பொருள்கள்

பின்வருவனவற்றை மருத்துவரின் அறிவுரையின்றி எந்நிலையிலும் கொடுக்கவோ பூசவோ கூடாது.

• பாரசிட்டமால்: பூனைக்குக் கொடும் நஞ்சு. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும்.
• ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக்: நாய்க்கும் பூனைக்கும் இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும்.
• பூண்டு, வெங்காயம்: குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் பூண்டு கொடுக்கும் வழக்கம் உண்டு. இவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனைகள் மேலும் எளிதில் பாதிக்கப்படும்.
• தேயிலைமர எண்ணெய்: செறிவான எண்ணெயைப் பூசியதால் நஞ்சேறிய 443 நாய், பூனைகளின் விவரங்கள் அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை பதிவாகியுள்ளன. தளர்ச்சி, நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள்.
• கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், சளித் தைலம்: நாய்க்கு வலிப்பை உண்டாக்கக்கூடும்.

பூனையின் கல்லீரலில் சில நச்சுப் பொருள்களை வெளியேற்றும் நொதிச் செயல் மிகக் குறைவு. நாய்க்குத் தீங்கற்ற பொருள் பூனைக்குத் தீங்காவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இத்தகைய பொருளைக் கொடுத்துவிட்டதாக உணர்ந்தால், நீங்களாக வாந்தி எடுக்கச் செய்ய முயல வேண்டாம். மருந்தின் அட்டையையோ புட்டியையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். எதை, எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள் என்பதைத் தயக்கமின்றிக் கூறுங்கள். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

காலம் தாழ்த்தக் கூடாத நிலைகள்

பலனற்ற முறை ஒன்று தன்னளவில் தீங்கற்றதாக இருக்கலாம். அதனை முயன்று பார்க்கும் நாள்களில் நோய் வளர்வதே பெருந்தீங்கு. பின்வரும் நிலைகளில் வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாய்க்குட்டியின் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு: பார்வோ நோயாக இருக்கலாம். சிகிச்சை அளிக்காவிடில் பத்தில் ஒன்பது குட்டிகள் வரை இறக்க நேரிடும். உரிய காலத்தில் நரம்பு வழியாக நீர்மம் ஏற்றி, பிற சிகிச்சையும் அளித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழியாகக் கசாயம் புகட்டுவது மேலும் நீரிழப்பையும் புரையேறுதலையும் உண்டாக்கும்.

உண்ணிக் காய்ச்சல்: சோர்வு, காய்ச்சல், மூக்கில் இரத்தம் வடிதல், வெளிறிய ஈறுகள் ஆகியவை இதன் அறிகுறிகள். இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் பப்பாளி இலைச்சாறு கொடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. எர்லிச்சியா என்னும் கிருமியே நோய்க்குக் காரணமாயின் அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி தேவை. பெரும்பாலும் நான்கு வாரங்கள் கொடுக்கப்படும். இலைச்சாறு இம்மருந்தின் இடத்தை நிரப்பாது.

மஞ்சள் காமாலை: இது ஒரு நோயின் அறிகுறியே. எலிக்காய்ச்சல், பேபீசியா ஒட்டுண்ணி, கல்லீரல் நோய், நஞ்சு எனக் காரணங்கள் பல. காரணம் அறியாமல் கீழாநெல்லி கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக வீட்டிலுள்ளோருக்கும் தொற்றக்கூடியது.

ஆண் பூனை சிறுநீர் கழிக்க இயலாமல் முக்குதல்: சிறுநீர்ப் பாதை முழுமையாக அடைபட்டால் இரண்டு மூன்று நாள்களில் மரணம் நேரலாம். சிறுநீர் பெருக்கும் மூலிகைகள் அடைப்பை நீக்கமாட்டா, துன்பத்தை மிகுவிக்கும்.

பெரிய வகை நாயின் வயிறு திடீரென உப்புதல், வாந்தி வராமல் ஓங்கரித்தல்: இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வெறிநோய் ஐயமுள்ள விலங்கு கடித்தல்: கடிபட்டது மனிதராயின், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மூலிகைச் சாறு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. கடிபட்டது வளர்ப்பு விலங்காயின் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் அறிகுறிகள் தோன்றியபின் வெறிநோய்க்குக் குணமளிக்கும் மருந்து எம்முறையிலும் இல்லை.

பலன் உண்டா என்று வீட்டிலேயே கணிப்பது எப்படி?

நாள்பட்ட நோய்க்கு மருத்துவரின் ஒப்புதலுடன் ஒரு துணைச் சிகிச்சையைத் தொடங்குவதாயின், பின்வரும் வழிகள் உங்கள் மதிப்பீட்டைச் சீராக்கும்.

1. உங்கள் விலங்கு அன்றாடம் செய்யும் மூன்று செயல்களைத் தேர்ந்தெடுங்கள். படியேறுதல், படுத்த நிலையிலிருந்து எழுதல், வழக்கமான தெருவைச் சுற்றி வருதல் போன்றவை ஏற்றவை.
2. சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரங்கள், இச்செயல்களைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.
3. வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் விலங்கு நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடியுங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.
5. புதிய சிகிச்சை தொடங்கியதை அறியாத உறவினர் ஒருவரிடம் பழைய, புதிய காட்சிகளைத் தேதி கூறாமல் காட்டி, எதில் நடை நன்றாக உள்ளது என்று கேளுங்கள்.
6. மருத்துவர் கூறும் கால எல்லைக்குள் குறிப்பேட்டில் மாற்றம் தெரியாவிடில், அம்முறையை நிறுத்துவது குறித்து அவரிடம் பேசுங்கள்.

சிகிச்சை அளிப்பவரிடம் கேட்க வேண்டியவை

• நோய் இன்னதென்று எந்தப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டது?
• இம்முறை நாய்களில் அல்லது பூனைகளில் ஆராயப்பட்டுள்ளதா? மருந்துப்போலியுடன் ஒப்பிடப்பட்டதா?
• இப்போது கொடுத்துவரும் மருந்துகளுடன் இது சேருமா? அறுவை சிகிச்சைக்கு முன் இதனை நிறுத்த வேண்டுமா?
• இதில் என்னென்ன பொருள்கள், எவ்வளவு அளவில் உள்ளன?
• எத்தனை வாரங்களில் பலன் தெரியும்? தெரியாவிடில் அடுத்து என்ன செய்வோம்?

இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம், 1984-இன்படி கால்நடை மருத்துவம் செய்பவர் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எல்லா நோய்களுக்கும் ஒரே மருந்து என்று கூறுபவரையும், தடுப்பூசியை நிறுத்தச் சொல்பவரையும், பொருள்களின் பெயரைக் கூற மறுப்பவரையும் தவிருங்கள்.

குணப்படுத்த இயலாத நிலையில்

புற்றுநோயோ முற்றிய சிறுநீரக நோயோ உள்ள முதிய விலங்குக்கு இனிச் சிகிச்சை இல்லை என்று கேட்கும்போது, எதையாவது செய்தாக வேண்டும் என்று மனம் தவிப்பது இயல்பு. அந்நேரத்தில்தான் உறுதியளிக்கும் விளம்பரங்கள் மிகவும் ஈர்க்கின்றன. குணமாக்க இயலாத நிலையிலும் செய்யக்கூடியவை பல உள்ளன. வலியைக் குறைக்கும் மருந்து, வாந்தியை நிறுத்தும் மருந்து, எளிதில் உண்ணும் உணவு, வழுக்காத தரை, மென்மையான படுக்கை, பழகிய கையின் தடவல் ஆகியவை விலங்கின் துன்பத்தைக் குறைக்கும். "இனி இதற்கு வலியில்லாமல் வைத்திருக்க என்ன செய்யலாம்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கு உதவி பெறலாம்?

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது மருத்துவமனையை அணுகலாம். சென்னை வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனை உள்ளிட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். செல்லும்போது தடுப்பூசி அட்டை, குறிப்பேடு, இதுவரை கொடுத்த மூலிகைகள் உள்ளிட்ட எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிவுக்கானவை. உங்கள் செல்லப்பிராணிக்கான சிகிச்சையை அதனை நேரில் பரிசோதித்த கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே தொடங்கவும் மாற்றவும் நிறுத்தவும் வேண்டும்.